முகமே இல்லாத நாலு பேர், பத்து வருஷப் பாட்டு!

டூ-டி பாடுவார். மர்டாக் பேஸ் கிட்டார் வாசிப்பார். நூடுல் என்கிற ஜப்பானியச் சிறுமிக்கு லீட் கிட்டார். டிரம்ஸில் ரஸ்ஸல். இந்த நாலு பேரும் வெளியிட்ட முதல் ஆல்பம் உலகம் முழுக்க 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கின்னஸிலும் இடம்பிடித்தார்கள். ஒரே ஒரு சங்கதி... இந்த நாலு பேரில் ஒருவர்கூட அம்மா வயிற்றில் பிறந்தவர் கிடையாது. நாலு பேருமே காகிதத்தில் வரையப்பட்டவர்கள்.

'கொரில்லாஸ்' என்கிற அந்த பிரிட்டிஷ் இசைக்குழுவை இருபது வருடங்களாகக் கேட்டுவருகிறேன். 2005-ல் திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை நண்பனின் கம்ப்யூட்டரில் அவர்களின் ஒரு வீடியோவைப் பார்த்தேன். யாரோ சிரிக்கும் சத்தம், பின்னாடியே வயிற்றைத் தட்டும் ஒரு பேஸ் கிட்டார், வானத்தில் மிதக்கும் காற்றாலை. இங்கிலீஷ் பாட்டில் எனக்கு அப்போது பெரிய பரிச்சயம் இல்லை. ஆனாலும் அந்த ராத்திரி அதைப் பத்து தடவையாவது கேட்டிருப்பேன்.

இப்போது அவர்களைப் பற்றி எழுதக் காரணம், என் தங்கை மகள்.

அவளுக்குப் பதினேழு வயது. நன்றாகப் பாடுவாள். ஒரு வருடமாகத் தான் பாடுவதை வீடியோவாக்கி யூடியூபில் போடுகிறாள். ஆனால் அதில் அவள் முகம் இருக்காது. அவளே வரைந்த, இரட்டைச் சடை போட்ட ஒரு பொம்மைப் பெண்தான் வாயசைப்பாள். வீட்டில் இது பெரிய பஞ்சாயத்து. "லட்சணமா இருக்குற மூஞ்சிய எதுக்குண்ணே மறைக்கணும்?" என்பது தங்கையின் கவலை. "பொம்பளப் புள்ள மூஞ்சி போன்ல வராம இருக்குறதே நல்லது" என்பது என் அம்மாவின் தீர்ப்பு. இரண்டு பேர் சொல்வதும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கமென்ட் போடுறவங்க என் கலரையும் பல்லையும் பத்திப் போடாம, பாட்டைப் பத்திப் போடட்டும்னுதான் மாமா..." என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா, முகம் காட்டாம ரொம்ப வருஷம் தாக்குப்பிடிக்க முடியுமா மாமா? அப்படி யாராச்சும் இருந்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

இருந்திருக்கிறார்கள். அவளிடம் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். முகம் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு, கொரில்லாஸின் முதல் பத்து வருட ஆல்பங்களைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு ஃப்ளாட், ஒரு டி.வி!

டேமன் ஆல்பர்ன், 'ப்ளர்' என்ற இசைக்குழுவின் பாடகர். தொண்ணூறுகளின் பிரிட்டனில் அவர் முகம் தெரியாத இளைஞர்கள் குறைவு. 1995 ஆகஸ்டில் ப்ளரும், அவர்களின் போட்டிக் குழுவான 'ஒயாசிஸ்'ஸும் ஒரே நாளில் ஆளுக்கொரு பாட்டை வெளியிட்டார்கள். நம் ஊர் தீபாவளி ரிலீஸ் மாதிரி நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. அந்த வாரம் ப்ளர் ஜெயித்தது. பத்திரிகை அட்டைகளில் எல்லாம் ஆல்பர்னின் முகம்தான்.

ஜேமி ஹ்யூலெட், ஓவியர். 'டேங்க் கேர்ள்' என்ற காமிக்ஸால் புகழ்பெற்றவர். முதலில் சந்தித்தபோது இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால், தொண்ணூறுகளின் கடைசியில் லண்டனில் ஒரே ஃப்ளாட்டில் சேர்ந்து குடியிருந்தார்கள். பொழுதுபோகாமல் எம்டிவி பார்ப்பார்கள். அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி முகங்கள், ஒரே மாதிரி சிரிப்பு, ஒரே மாதிரி ஆட்டம். 'இவர்கள் எல்லாரும் ஏற்கெனவே பொம்மை மாதிரிதானே இருக்கிறார்கள்... நாமே நிஜமான பொம்மைகளை வைத்து ஒரு குழு ஆரம்பித்தால் என்ன?' - இப்படிக் கிண்டலாகத் தொடங்கிய பேச்சிலிருந்து 1998-ல் பிறந்ததுதான் கொரில்லாஸ்.

ஹ்யூலெட் நாலு பேரை வரைந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு. மர்டாக் காரை ஓட்டிக்கொண்டு ஒரு கீபோர்டு கடைக்குள் புகுந்தபோது, அங்கே வேலை பார்த்த பையனின் தலையில் அடிபட்டது. தலையில் இரண்டு பள்ளம் விழுந்ததால் அவன் பெயர் டூ-டி. நூடுல், ஜப்பானிலிருந்து ஒரு பார்சல் பெட்டிக்குள் வந்து இறங்கியவள். ரஸ்ஸலின் உடம்புக்குள் செத்துப்போன நண்பனின் ஆவி குடியிருக்கிறது. குழந்தைகள் சொல்லும் கதை மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால், இந்தக் கதைகளுக்குப் பின்னால்தான் ஆல்பர்ன் நிம்மதியாக மறைந்துகொண்டார்.

மறைய வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. ப்ளர் பாடகர் என்றால் கிட்டார் குழுவின் ஆள் என்று முத்திரை குத்தியாகிவிட்டது. அவருக்கோ ஹிப்-ஹாப் பிடித்திருந்தது. ஜமைக்காவின் ரெக்கேயும் டப்பும் பிடித்திருந்தன. தெரிந்த முகத்தோடு போய் அதைச் செய்தால், 'இவருக்கு எதுக்கு இந்த வேலை?' என்றுதான் கேட்பார்கள். டூ-டியிடம் யாரும் அப்படிக் கேட்க முடியாதே!

2001: திரைக்குப் பின்னால்

முதல் ஆல்பம், 'கொரில்லாஸ்', 2001 மார்ச்சில் வெளியானது. தயாரித்தவர் டேன் தி ஆட்டோமேட்டர் என்ற அமெரிக்க ஹிப்-ஹாப் தயாரிப்பாளர். ஒரு பகுதியை ஜமைக்காவில் பதிவு செய்தார்கள்.

அதன் பெரிய ஹிட், 'கிளின்ட் ஈஸ்ட்வுட்'. அந்தப் பாட்டின் தாளம் எங்கிருந்து வந்தது என்பதை ஆல்பர்னே பிற்பாடு ஒரு பேட்டியில் வாசித்துக் காட்டினார். ஆம்னிகார்ட் என்று ஒரு ஜப்பானிய எலெக்ட்ரானிக் வாத்தியம். இசை தெரியாதவர்கள்கூட வாசிக்கலாம், கிட்டத்தட்ட விளையாட்டுச் சாமான் மாதிரி. அதில் ஏற்கெனவே பதிந்துவைத்திருக்கும் ஒரு ராக் தாளத்தின் பட்டனை அழுத்தினால் போதும், அந்த உலகப் புகழ்பெற்ற பாட்டு ஓட ஆரம்பித்துவிடும்! அதன் மேல் ஊதி வாசிக்கும் மெலோடிகாவின் சோகமான இழை, ஆல்பர்னின் தூக்கக் கலக்கக் குரல், நடுவில் டெல் என்ற ராப் பாடகரின் பகுதி. கதையில் ரஸ்ஸலின் உடம்புக்குள் இருக்கும் ஆவிதான் இந்த டெல். அனிமேஷன் வீடியோவில் அது வெளியே வந்து ராப் பாடும்.

அதே ஆல்பத்தில் இப்ராஹிம் ஃபெரர் பாடியிருக்கிறார். கியூபாவின் மூத்த பாடகர். வருமானத்துக்காக ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அவரை, எழுபதை நெருங்கும் வயதில் 'ப்யூனா விஸ்டா சோஷியல் கிளப்' ஆல்பம் உலகத்துக்குக் காட்டியது. அவர் ஸ்பானிஷில் பாடிய பாட்டு ஒன்று, ஒரு கார்ட்டூன் குழுவின் ஆல்பத்தில் இருக்கிறது. ஹிப்-ஹாப்பும் பங்க்கும் டப்பும் கியூபப் பாட்டும் ஒரே தட்டில். எதுவுமே துருத்திக்கொண்டு தெரியவில்லை. எல்லாவற்றையும் வாசிப்பது நாலு பொம்மைகள்தானே, அவர்களுக்கு ஏது ஊர், ஏது சாதி?

மேடைக் கச்சேரியில் என்ன செய்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ஒரு பெரிய திரையைக் கட்டினார்கள். அதில் ஹ்யூலெட்டின் கார்ட்டூன்கள் ஓடும். ஆல்பர்னும் மற்றவர்களும் திரைக்குப் பின்னால் நின்று வாசித்தார்கள். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் பார்த்தது படத்தைத்தான். அந்த வருடம் பிரிட்டனின் மதிப்புமிக்க மெர்குரி விருதுக்கான பட்டியலில் ஆல்பம் இடம்பிடித்தபோது, 'எங்களுக்கு வேண்டாம்' என்று விலகிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் 'லைகா கம் ஹோம்' வந்தது. முதல் ஆல்பத்தின் பாட்டுகளையே ஸ்பேஸ்மங்கீஸ் என்ற குழுவினர் முழுக்க டப் இசையாகப் பிரித்து மேய்ந்த ஆல்பம். ஒரு சினிமா எடுக்கவும் திட்டம் போட்டார்கள், நடக்கவில்லை. 'ஒரு ஜோக்கை எத்தனை தடவை சொல்ல முடியும்? முடிந்தது கதை' என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள்.

2005: ராத்திரி நேரத்து ஆல்பம்

கதை முடியவில்லை. 2005 மே மாதம் 'டீமன் டேஸ்' வந்தது. எனக்கு இன்றைக்கும் இதுதான் உசத்தி.

இடைப்பட்ட வருடங்களில் உலகம் மாறியிருந்தது. செப்டம்பர் 11 நடந்தது. ஆப்கானிஸ்தான் போர், அடுத்து 2003-ல் இராக் போர். ஆல்பர்ன் இராக் போரை வெளிப்படையாக எதிர்த்தவர். அந்த பயமும் கோபமும் இந்த ஆல்பம் முழுக்க இருக்கிறது. இருட்டில் தொடங்கி, ஒரு முழு ராத்திரியைக் கடந்து, கடைசியில் தேவாலயப் பாடகர் குழுவின் குரல்களோடு விடியலுக்குப் போவதுபோலப் பாட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள். அதனால் இதை ஷஃபிள் போட்டுக் கேட்காதீர்கள். முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள்.

இந்த முறை தயாரிப்பாளர் டேஞ்சர் மவுஸ். அவரைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. 2004-ல் இவர் பீட்டில்ஸின் 'ஒயிட் ஆல்பம்' இசையையும், ஜே-ஸீயின் 'பிளாக் ஆல்பம்' ராப்பையும் அனுமதி இல்லாமல் கலந்து 'கிரே ஆல்பம்' என்று வெளியிட்டார். பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமையை வைத்திருந்த இ.எம்.ஐ நிறுவனம், 'உடனே நிறுத்து' என்று நோட்டீஸ் அனுப்பியது. கொரில்லாஸ் ஆல்பங்களை வெளியிட்டதும் அதே இ.எம்.ஐ குழுமம்தான்! நோட்டீஸ் வாங்கிய பையனையே கூப்பிட்டு அடுத்த ஆல்பத்தைக் கையில் கொடுத்தார் ஆல்பர்ன்.

நான் மேன்ஷனில் பார்த்த காற்றாலைப் பாட்டு, இந்த ஆல்பத்தின் 'ஃபீல் குட் இங்க்'. டி லா சோல் என்ற அமெரிக்க ராப் குழுவினரின் சிரிப்புதான் அது. ஜாலியாகத் தலையாட்ட வைக்கும். ஆனால் கேட்கக் கேட்க, சந்தோஷத்தைத் தொழிற்சாலையில் செய்து நமக்கு விற்கிற ஒரு ஊரைப் பற்றிய பாட்டு என்பது புரியும். இதற்கு 2006-ல் கிராமி விருது கிடைத்தது. பிரிட்டனில் நம்பர் ஒன் ஆனது இன்னொரு பாட்டு, 'டேர்'. மான்செஸ்டர்காரரான ஷான் ரைடர் பாடியது. 'தேர்' என்ற ஆங்கில வார்த்தை அவர் ஊர் உச்சரிப்பில் 'டேர்' என்று விழுந்ததாம். அதையே பாட்டுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு இரண்டு. 'டர்ட்டி ஹாரி'யில் குழந்தைகள் கூட்டமாகப் பாடுவார்கள், விளையாட்டுப் பாட்டு மாதிரி இருக்கும். நடுவில் தாளம் மாறி, ஒரு போர்வீரனின் ராப் நுழையும். அப்போதுதான் அந்தக் குழந்தைக் குரல்கள் எதைப் பற்றிப் பாடின என்பது உறைக்கும். இன்னொன்றில் பாட்டே கிடையாது, கதை. நடிகர் டென்னிஸ் ஹாப்பர் தாத்தா மாதிரி சொல்வார். ஒரு மலையடிவாரத்தில் வெளியுலகம் தெரியாமல் சந்தோஷமாக வாழும் ஜனங்கள். அந்த மலையைத் தோண்டிச் செல்வம் எடுக்க வெளியாட்கள் வருகிறார்கள். தோண்டத் தோண்ட, ஒருநாள் மலை விழித்துக்கொள்கிறது. மலையும் காடும் பக்கத்தில் இருக்கிற யாருக்கும் இந்தக் கதைக்கு விளக்கம் தேவைப்படாது.

இந்த ஆல்பத்தின் மேடைக் கச்சேரி 2005 நவம்பரில் மான்செஸ்டர் ஆப்பரா ஹவுஸில் ஐந்து ராத்திரி நடந்தது. திரை இப்போது பின்னுக்குப் போயிருந்தது. ஆல்பர்னும் வாத்தியக் கலைஞர்களும் வண்ண வெளிச்சத்துக்கு முன்னால் நிழலுருவமாக நின்றார்கள். ஆனால் விருந்தினராக வந்து பாடிய ஒவ்வொருவர் மேலும் முழு வெளிச்சம் விழுந்தது. 'நான் இருட்டில் இருக்கிறேன், நீங்கள் வெளிச்சத்துக்கு வாருங்கள்' என்பதுபோல. முகத்தை மறைப்பதில் இப்படி ஒரு பெருந்தன்மையும் இருக்க முடியும் என்று எனக்குக் காட்டியது அந்தக் கச்சேரியின் டி.வி.டி-தான்.

அதே சமயத்தில் பொம்மைகளையே மேடையேற்றியும் பார்த்தார்கள். லிஸ்பன் நகரில் எம்டிவி ஐரோப்பிய விருது விழாவிலும், 2006 கிராமி மேடையிலும் நாலு பேரும் ஹோலோகிராமாக நின்று வாசித்தார்கள். கிராமியில் கூடவே மடோனா! பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் அதில் ஒரு சிக்கல். சத்தத்தைக் கூட்டினால் பேஸ் அதிர்வில் ஹோலோகிராம் விழும் மெல்லிய திரையே நடுங்குமாம். உருவம் அசையாமல் நிற்க, இசை அடங்கி ஒலிக்க வேண்டியிருந்தது. பொம்மைகளை வைத்தே ஊர் ஊராகக் கச்சேரி நடத்தும் எண்ணத்தை விட்டுவிட்டார்கள். முகமா, பாட்டா என்ற கேள்வி வந்தபோது அவர்கள் பாட்டின் பக்கம் நின்றார்கள் என்றுதான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

2010: குப்பைத் தீவு

மூன்றாவது ஆல்பத்துக்கு விதை போட்டது ஒரு கடற்கரை. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆல்பர்னுக்கு ஒரு வீடு இருக்கிறது. அங்கே மணலில் எவ்வளவு பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்பதை ஒருநாள் கவனித்திருக்கிறார். 2010 மார்ச்சில் 'பிளாஸ்டிக் பீச்' வந்தது. கதைப்படி, எந்தக் கரைக்கும் எட்டாத நடுக்கடலில், உலகம் தூக்கிப்போட்ட குப்பை எல்லாம் சேர்ந்து ஒரு தீவாகியிருக்கிறது. மர்டாக் அங்கே ஒளிந்திருக்கிறான். டூ-டியைக் கடத்திவந்து பாட வைக்கிறான். நூடுல் காணாமல் போனதால் அவளைப் போலவே ஒரு ரோபோவைச் செய்து கிட்டாரைக் கொடுத்திருக்கிறான்.

இந்த முறை தயாரிப்பாளரும் ஆல்பர்னேதான். முதல் ஆல்பத்தின் கரகரப்பு, இரண்டாவதன் இருட்டு இரண்டும் போய், இதில் வெயிலும் கடலும் பளபளக்கும் சிந்தசைசர்களும் இருந்தன. பாடியவர்கள், வாசித்தவர்கள் பட்டியலைப் பாருங்கள்: அமெரிக்க ராப் பாடகர் ஸ்னூப் டாக், நியூயார்க்கின் லூ ரீட், ஸ்வீடனின் லிட்டில் டிராகன், வேல்ஸின் க்ரஃப் ரீஸ், லெபனானின் அரபு இசைக் குழு, 'தி கிளாஷ்' குழுவின் மிக் ஜோன்ஸும் பால் சிமனனும். ஒரு ஊரே திரண்ட மாதிரி!

இவர்களில் ஒருவரைப் பற்றித்தான் நான் தங்கை மகளிடம் அதிக நேரம் பேசினேன். பாபி வோமேக். அறுபதுகளிலிருந்து பாடிவந்த அமெரிக்க சோல் பாடகர். அப்போது அறுபதைத் தாண்டியிருந்தார். சர்க்கரை வியாதி. புதிதாகப் பாட்டுப் பதிவு செய்தே பல வருடங்கள் ஆகியிருந்தன. கொரில்லாஸ் கூப்பிட்டபோது, அது யார் என்றே அவருக்குத் தெரியாது. அவர் மகளுக்குத் தெரிந்திருந்தது. 'போங்கப்பா' என்று சொன்னது அவள்தான். ஸ்டூடியோவில் அவரிடம், மனதில் என்ன தோன்றுகிறதோ அதைப் பாடச் சொன்னார்கள். நிறுத்தாமல் பாடி, ஒரு கட்டத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரப்பார்த்ததாம். ஒரு வாழைப்பழம் கொடுத்து உட்கார வைத்தார்கள். அப்படிப் பிறந்த பாட்டுதான் 'ஸ்டைலோ'.

அதோடு நிற்கவில்லை. அவர்களோடு மேடையேறி ஊர் ஊராகப் போனார் வோமேக். 2012-ல் ஆல்பர்ன் இணைந்து தயாரிக்க, தன் பெயரில் ஒரு புது ஆல்பம் வெளியிட்டார். 2014-ல் காலமானார். முகமே இல்லாத ஒரு குழு, ஊர் மறந்துபோயிருந்த ஒரு பெரியவருக்கு அவர் முகத்தைத் திருப்பிக் கொடுத்தது.

அந்தப் பயணத்தில்தான் கொரில்லாஸ் முழுக்க வெளிச்சத்துக்கு வந்தார்கள். தலையில் கப்பல்காரர் தொப்பியோடு எல்லாரும் மேடையின் முன்னால் நின்று வாசித்தார்கள். கார்ட்டூன்கள் பின்னால் இருந்த திரையில் ஓடின. 2010 ஜூனில், 'யூ-டூ' குழுவின் போனோவுக்கு முதுகில் அடிபட்டதால், கிளாஸ்டன்பரி திருவிழாவின் முக்கிய மேடை இவர்களுக்குக் கிடைத்தது. அடுத்த மாதம் சிரியாவின் டமாஸ்கஸ் நகரில், பழங்காலக் கோட்டைக்குள் பாடினார்கள். அடுத்த வருடமே அந்த நாடு போருக்குள் விழுந்தது. இவர்களோடு வாசித்த சிரிய இசைக் கலைஞர்கள் பலரும் நாடு நாடாகச் சிதறினார்கள். அவர்களில் பலரைத் தேடிச் சேர்த்து, 2016-ல் மறுபடியும் மேடையேற்றிய முயற்சியில் ஆல்பர்னுக்கும் பங்கு உண்டு. அதை அவர் செய்தது எந்தப் பொம்மையின் பெயரிலும் இல்லை.

ஹோட்டல் அறையில் ஒரு ஐபேட்

அந்த வருடக் கடைசியில் வந்த நாலாவது ஆல்பத்தைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 'தி ஃபால்'. வட அமெரிக்கப் பயணத்தில் ஊர் ஊராகப் போனபோது, பெரும்பாலும் ஐபேடில், நாட்குறிப்பு மாதிரி 32 நாள்களில் ஆல்பர்ன் பதிவு செய்தது. ஐபேட் சந்தைக்கு வந்ததே அந்த வருடம்தான். டெட்ராய்ட், அமரில்லோ என்று பல பாட்டுகளுக்கு ஊர்களின் பெயர்களே தலைப்பு. 2010 கிறிஸ்துமஸ் அன்று ரசிகர் மன்றத்தினருக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். 2011 ஏப்ரலில் கடைக்கு வந்தது.

பெரிய ஹிட் எதுவும் அதில் இல்லை. விருந்தினர் கூட்டமும் இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று முணுமுணுப்பதுபோல ஒரு மனிதக் குரல். திரைக்குப் பின்னால் நின்று தொடங்கிய ஆள், பத்தே வருடத்தில் ஹோட்டல் அறைத் தனிமையைக்கூட மறைக்காத இடத்துக்கு வந்துவிட்டார். ராத்திரி பஸ் பயணங்களில் நான் அதிகம் கேட்டது இந்த ஆல்பத்தைத்தான்.

ஆனால், எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. 2011 நவம்பரில் பத்து வருடப் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்ட கையோடு, இரண்டு நண்பர்களுக்கும் விரிசல் வந்தது. மேடையில் மனிதர்கள் பெருகப் பெருக, தன் ஓவியங்களுக்கான இடம் சுருங்கிப்போனதாக ஹ்யூலெட்டுக்கு வருத்தம். நியாயமான வருத்தம்தான். அந்த நாலு முகங்களையும் உருவாக்கிய கை அவருடையது அல்லவா? இருவரும் மறுபடி சேர்ந்து அடுத்த ஆல்பம் வர 2017 ஆனது. 2025-ல் அறிவித்த 'தி மவுன்டன்' ஆல்பத்துக்காக இரண்டு பேரும் சேர்ந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். அதில் ஆஷா போஸ்லேவும் அனுஷ்கா சங்கரும் இருக்கிறார்கள் என்பது நமக்கும் சந்தோஷம்.

முகத்தைவிட முக்கியமானது

இந்தக் கதையில் இருந்து தங்கை மகளுக்கு நான் எடுத்துச் சொன்னது மூன்று விஷயங்கள்.

ஒன்று, முகம் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியும். ஆனால், முகமூடி மட்டுமே தாக்குப்பிடிக்காது. பொம்மைப் படம் புதுசு என்பதால் ஓடியது முதல் ஆல்பத்தோடு போச்சு. ஒவ்வொரு ஆல்பத்திலும் தயாரிப்பாளரை மாற்றி, சத்தத்தை மாற்றி, சொல்லும் விஷயத்தை மாற்றியதால்தான் மீதி வருடங்கள்.

இரண்டு, மறைந்திருப்பது பயத்தாலா, வேலை நடக்கவா என்பது முக்கியம். ஆல்பர்ன் மறைந்தது, தனக்குப் பழக்கமில்லாத இசையைக் கூச்சமில்லாமல் செய்து பார்க்க. அதைச் செய்து முடித்த பிறகு, யாரும் சொல்லாமலே வெளியே வந்தார். எப்போது வெளியே வருவது என்பதைப் பாடுகிறவள்தான் தீர்மானிக்கணும். கமென்ட் போடுகிறவர்கள் இல்லை, அம்மா இல்லை, பாட்டி இல்லை, மாமாவும் இல்லை.

மூன்றாவது, பெயர். தன் முகத்தை மறைத்துக்கொள்கிறவர் அடுத்தவர் உழைப்பை மறைக்கக் கூடாது. இன்றைக்கு கம்ப்யூட்டரே பாட்டு எழுதுகிறது, குரலும் கொடுக்கிறது. யாருடைய பாட்டுகளைக் கேட்டு அது கற்றுக்கொண்டது என்பது வெளியே தெரிவதில்லை. கொரில்லாஸின் நாலு முகங்களும் கற்பனைதான். ஆனால் ஆல்பத்தின் உறையைத் திருப்பினால் வாசித்த கை, பாடிய வாய், சேர்ந்து பாடிய குழந்தைகள் குழு வரைக்கும் பெயர்கள் இருக்கும். திரையில் ஒருவர் வாயசைக்க, இன்னொருவர் பாடுவதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். 'பாடியது யார்?' என்று வானொலியில் பெயர் சொல்லும்வரை காத்திருந்த வீடுகள் நம்முடையவை. இந்த நியாயம் நமக்குப் புரியாமல் போகாது.

அவள் தன் பொம்மைப் பெண்ணை இன்னும் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஆனால், போன மாதம் போட்ட பாட்டின் கீழே முதல்முறையாகக் கீபோர்டு வாசித்த தோழியின் பெயர் இருந்தது, அவள் சம்மதத்தோடு. அதன் கீழே, பாடியவர் என்று தன் பெயரையும் சேர்த்திருந்தாள்.

நீங்கள் கொரில்லாஸைக் கேட்டதே இல்லை என்றால், 'ஸ்டைலோ'விலிருந்து ஆரம்பியுங்கள். கார் துரத்தலும் துப்பாக்கியோடு புரூஸ் வில்லிஸும் வருகிற வீடியோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் தடவை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். மெஷின் மாதிரி ஓடும் தாளத்துக்கு நடுவே திடீரென்று ஒரு வயதான குரல் அடிவயிற்றிலிருந்து எழும்பும். அது யார், எப்படி இருப்பார் என்று அந்த நிமிடம் உங்களுக்குக் கேட்கத் தோன்றாது.